கண்மாய்க் கரையின் வெளிப்பக்கம், மடைக்கு அருகே வரும் கசிவைக் களிமண்ணால் அடைக்கலாமா?

அடைக்க வேண்டாம். கண்மாய் நிறைந்திருக்கும்போது, மடையை ஒட்டிக் கரையின் வெளியடியில் ஊறும் நீரைக் களிமண் கொட்டி அடைத்தால், வெளியேற வழியற்ற நீரின் அழுத்தம் கரைக்குள்ளேயே கூடி, வேறோர் இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது. ஊற்றின் மேல் முதலில் ஆற்றுமணல், அதன் மேல் சிறுஜல்லி, அதற்கும் மேல் பெருஜல்லி எனப் பரப்பி விடுங்கள்.

மடைக்கு அருகே என்று நீங்கள் எழுதியிருப்பதால், மடையின் கட்டுமானமும் மண்ணும் சேருமிடத்தில் இறுக்கம் குறைந்து, அதன் வழியே நீர் பாதை கண்டிருக்கலாம் என்றே நினைக்கிறேன். வெட்டிப்போட்ட சீமைக்கருவேலத்தின் வேர் மக்கிய துளையும் இதே வேலையைச் செய்யும்.

கசிவு நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் வண்டல் படியாவிட்டால், ஒரு வாளி நிரம்ப ஆகும் நேரத்தை நாள்தோறும் குறித்து வாருங்கள்; கண்மாயின் நீர்மட்டம் உயராமலே அந்த நேரம் குறைந்தால் கசிவு வளர்கிறது என்று பொருள்.

வண்டல் படிந்தாலோ, நீர் கலங்கலாக வந்தாலோ ஜல்லியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அமெரிக்காவின் டீட்டன் மண் அணையில் (அது மிகப் பெரியது என்றாலும்) 1976 ஜூன் 5 காலையில் தென்பட்ட கலங்கல் கசிவு, நண்பகலுக்குள் அணையையே உடைத்துவிட்டது. ஆயக்கட்டு (கண்மாய் நீரால் பாசனம் பெறும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேலெனில் நீர்வளத் துறைக்கும், குறைவெனில் ஊராட்சி ஒன்றியத்துக்கும் உடனே தெரிவியுங்கள். பழுதுபட்டிருக்கக்கூடிய மடையை நீங்களாகத் திறக்க வேண்டாம். கலிங்கில் (மிகை நீர் வழிந்தோடும் இடத்தில்) பலகை இருந்தால், அதை எடுத்து மட்டத்தை இறக்குவதை அவர்களே முடிவு செய்யட்டும்.