கசாண்ட்ரா கிளஸ்டரில் எந்த டேட்டாவை யார் பார்த்தார்கள் என்று எப்படிக் காட்டுவது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: மும்பை, ஹைதராபாத் என இரண்டு டேட்டா சென்டர்களில் கசாண்ட்ரா கிளஸ்டர் (பல சர்வர்கள் சேர்ந்து ஒரே டேட்டாபேஸாக ஓடும் அமைப்பு; ஒவ்வொரு சர்வரும் ஒரு நோட்) ஓடுகிறது. எல்லா சர்வீஸும் ஒரே யூசர் பெயரில் உள்ளே போகின்றன. வாடிக்கையாளர் விவரங்களை யார் யார் பார்த்தார்கள் என்று ஆடிட்டர் பட்டியல் கேட்கிறார். யார் என்ன செய்தார்கள் என்று பதிவுசெய்யும் ஆடிட் லாகை ஆன் செய்தால் போதுமா?

போதாது. எல்லாரும் ஒரே பெயரில் போகும்வரை அந்த லாகால் பெரிய பயன் இல்லை. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் டேட்டா கசிந்திருக்குமோ என்று சந்தேகம் வந்து லாகைத் திறந்தோம். எல்லா வரியிலும் ஒரே யூசர். பில்லிங் சர்வீஸ் கேட்டதா, ரிப்போர்ட் டீம் கேட்டதா, யாராவது ஷெல்லில் உட்கார்ந்து கைப்பட ஓட்டியதா, எதையும் பிரிக்க முடியவில்லை. சர்வீஸ்கள் ஓடும் கன்டெய்னர்கள் அடிக்கடி மாறுவதால் ஐபி முகவரியை வைத்தும் ஆளைப் பிடிக்க வழியில்லை.

அதனால் முதல் வேலை அடையாளத்தைச் சரிசெய்வது. கசாண்ட்ராவை நிறுவி அப்படியே விட்டால், பாஸ்வேர்டே கேட்காமல் எல்லாரையும் உள்ளே விடும், எல்லா அனுமதியும் கொடுக்கும். பாஸ்வேர்டு சரிபார்ப்பை ஆன் செய்ததும் 'கசாண்ட்ரா' என்ற பெயரிலும் அதே பாஸ்வேர்டிலும் எல்லா அதிகாரமும் உள்ள ஒரு சூப்பர்யூசர் வரும். உங்களுக்கென்று வேறு சூப்பர்யூசரை உருவாக்கிக்கொண்டு, இந்த 'கசாண்ட்ரா' யூசரின் அதிகாரத்தையும் லாகின் உரிமையையும் பிடுங்கிவிடுங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. ரோல் (லாகின் பெயரும் அதற்கான அனுமதிகளும்) விவரங்கள் சிஸ்டம்_ஆத் என்ற கீஸ்பேஸில் (டேபிள்களின் தொகுப்பில்) இருக்கும், அதன் ரெப்ளிகேஷன் ஃபேக்டர் (பிரதிகளின் எண்ணிக்கை) ஆரம்பத்தில் 1. அதாவது ஒரு ரோலின் விவரம் ஒரே ஒரு நோடில். அந்த நோட் விழுந்தால், மற்ற நோடுகள் எல்லாம் நன்றாக இருந்தும் அந்த ரோலால் லாகின் செய்ய முடியாமல் போகலாம். ஒவ்வொரு டேட்டா சென்டரிலும் 3 பிரதி இருக்கும்படி மாற்றிவிட்டு, பிரதிகளை ஒத்துப்போகச் செய்யும் ரிப்பேரை அந்தக் கீஸ்பேஸுக்கு ஓட்டிய பிறகு மற்றதைத் தொடங்குங்கள்.

அப்புறம் சர்வீஸுக்கு ஒரு ரோல், மனிதர்களுக்கு ஆளுக்கு ஒரு ரோல். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 5.0 பதிப்பில் இருந்தால் பாஸ்வேர்டுக்குப் பதிலாக டிஎல்எஸ் (கனெக்ஷனைப் பாதுகாக்கும் முறை) சான்றிதழில் உள்ள அடையாளத்தையே ரோலோடு இணைக்கலாம். சர்வீஸ்களுக்கு அதுதான் நல்லது, கான்ஃபிக் கோப்பில் பாஸ்வேர்டு கிடக்காது.

அனுமதிகளைப் பொறுத்தவரை, டேபிள்தான் கடைசி எல்லை. டேபிளில் இந்த வாடிக்கையாளரின் வரிசையை (ரோ) மட்டும் காட்டு என்று கசாண்ட்ராவிடம் சொல்ல முடியாது. ஒரு ரோல் எந்த டேட்டா சென்டருக்கு மட்டும் போகலாம் என்று 4.0 முதல் கட்டுப்படுத்தலாம்; ரிப்போர்ட் டீமை ஹைதராபாத்தோடு நிறுத்திவிடுங்கள். ஆதார், போன் எண் போன்ற பத்திகளை (காலம்) மறைத்துக் காட்டும் வசதி 5.0இல் வந்தது. ஒரு எச்சரிக்கை: அனுமதிகளை ஒவ்வொரு நோடும் தன்னிடம் கேஷில் (தற்காலிக நினைவில்) வைத்திருக்கும், இயல்பாக 2 விநாடி. வேகத்துக்காக அதை ஒரு மணி நேரமாக ஏற்றி வைத்திருந்தால், வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை ரத்து செய்த பிறகும் அவ்வளவு நேரம் கதவு திறந்திருக்கும். பாஸ்வேர்டை மாற்றினாலும் ஏற்கெனவே திறந்த கனெக்ஷன் அறுந்துபோகாது.

இப்போது ஆடிட் லாக். 2021இல் வந்த 4.0 முதல் இது கூடவே வருகிறது. தோற்றுப்போன லாகின், அனுமதி இல்லாமல் செய்த முயற்சி எல்லாம் பதிவாகும். ஆனால் எந்த நோட் கோஆர்டினேட்டராக இருந்து கொயரியை (டேட்டா கேட்கும் கட்டளையை) வாங்கியதோ, அந்த நோடில் மட்டும்தான் பதிவாகும். ஒருவர் ஐந்து நிமிடத்தில் செய்த வேலை பல நோடுகளில் சிதறிக் கிடக்கும். அதை வரிசைப்படுத்த எல்லா நோடின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 28 ஏப்ரல் 2022 அன்று கொடுத்த உத்தரவும் நேரத்தை என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) சர்வரோடு ஒத்திசைக்கச் சொல்கிறது.

அதே உத்தரவு லாகுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. இங்கேதான் சிக்கல்: ஆடிட் லாகைக் கோப்பில் எழுதும் பைனரி ஆடிட் லாகர் இயல்பாக ஒரு நோடில் 16 ஜிபி சேர்ந்ததும் பழைய கோப்புகளை அழிக்கத் தொடங்கிவிடும். பரபரப்பான கிளஸ்டரில் 16 ஜிபி வெகு சீக்கிரம் நிரம்பும். ஆர்க்கைவ் கமாண்டைக் கொடுத்து, எழுதி முடித்து மூடிய கோப்பை டிபிஏக்களால் (டேட்டாபேஸ் நிர்வாகிகளால்) அழிக்க முடியாத வேறு சேமிப்பிடத்துக்கு உடனுக்குடன் அனுப்புங்கள். ஆடிட் லாகில் எழுதக் காத்திருக்கும் பதிவுகளின் வரிசை நிரம்பினால் கொயரியை நிறுத்தி வைப்பதா, பதிவை விட்டுவிடுவதா என்று தேர்வு செய்யும் 'பிளாக்' அமைப்பும் உண்டு. இயல்பு நிலை நிறுத்தி வைப்பது. வேகம் போகிறது என்று யாராவது அதை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டை விழுந்த லாகை ஆடிட்டரிடம் கொடுக்க முடியாது.

நோடுகளை நிர்வகிக்கும் நோட்டூல் கட்டளைகள் இந்த லாகில் வராது. ஒருவர் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாகப் போய் ஸ்னாப்ஷாட் (டேட்டாவின் அப்போதைய நகல்) எடுத்து கோப்பைக் காப்பி செய்துகொண்டு போனால் கசாண்ட்ராவுக்குத் தெரியவே தெரியாது. நோட்டூல் உள்ளே வரும் வழியான ஜேஎம்எக்ஸுக்குத் தனிப் பூட்டு போட்டு, ஆப்பரேட்டிங் சிஸ்டம் அளவிலும் ஆடிட் வையுங்கள்.

உங்கள் ஆடிட்டரின் கேள்விக்கு நேரடியாகத் தடையாக நிற்பது இன்னொன்று. லாகில் ஒரு வரியை எடுத்துப் பார்த்தால் யூசர், முகவரி, நேரம், கீஸ்பேஸ், டேபிள் எல்லாம் இருக்கும். கடைசியில் கொயரி இப்படி இருக்கும்: 'செலக்ட் * ஃப்ரம் வாடிக்கையாளர் வேர் ஐடி = ?'. ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்டில் (மதிப்பைப் பின்னால் நிரப்பும் கொயரியில்) அந்தக் கேள்விக்குறிக்குள் போன மதிப்பைக் கசாண்ட்ரா எழுதுவதில்லை. சர்வீஸ்கள் பெரும்பாலும் அப்படித்தான் கேட்கும், கேட்கவும் வேண்டும். ஆக எந்த சர்வீஸ் எந்த டேபிளைத் தொட்டது என்பது வரைதான் கிளஸ்டரிலிருந்து கிடைக்கும். எந்த ஊழியர் எந்த வாடிக்கையாளரைப் பார்த்தார் என்பதை அப்ளிகேஷன்தான் எழுத வேண்டும்: ஊழியர் ஐடி, வாடிக்கையாளர் ஐடி, எந்தத் திரை, எந்த நேரம். அந்தப் பதிவுகளும் கிளஸ்டர் லாகும் ஒரே இடத்துக்குப் போகட்டும். ஆடிட்டர் திரும்ப வருவதற்குள், ஒரு சோதனை வாடிக்கையாளரைத் திறந்து பார்த்துவிட்டு, திறந்தது யார் என்று அந்தப் பதிவுகளை மட்டும் வைத்துச் சொல்லும்படி வேறொருவரிடம் கேளுங்கள்.