பிரேக் பேடு வாங்கும்போது கடையில் எதைச் சொல்லிக் கேட்க வேண்டும்?

மாடல் பெயரையும் ஆண்டையும் சொல்லித்தான் பிரேக் பேடு வாங்கினேன், ஆனாலும் அது காரில் பொருந்தவில்லை, தவறு எங்கே நேர்ந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டை மட்டும் சொன்னதில்தான் நேர்ந்திருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் வேலூரில் நானும் இதையே செய்து ஒரு சனிக்கிழமையை முழுதாக இழந்திருக்கிறேன்.

என்னிடம் இருப்பது ஒரு சிறிய கார். குடும்பத்தோடு ஏலகிரிக்குப் போய்த் திரும்பியபோது, 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடிப்பதற்குள் முன்சக்கரத்தில் கீச்சென்ற ஒலி தொடங்கிவிட்டது. சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டான டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிப்பதுதான் பேடு. அது தேய்ந்து எல்லையைத் தொட்டதும், அதன் ஓரத்தில் இருக்கும் சிறு தகடு டிஸ்க்கில் உரசி எழுப்பும் ஒலி அது. அந்த வாரமே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் மாடல் பெயரைச் சொல்லி, "2014, முன்பக்க பேடு" என்றேன். கடைக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை; நானும் எதுவும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டு வண்டிகளை வழக்கமாகப் பார்க்கும் சத்துவாச்சாரி மெக்கானிக் பாய், சக்கரத்தைக் கழற்றி, பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைத் தூக்கிக் கம்பியில் கட்டி, புதிய பேடைத் தாங்கியில் வைத்தார். மேற்பக்கம் உட்கார்ந்தது, கீழ்ப்பக்கம் உட்காரவில்லை. பழையதையும் புதியதையும் முதுகோடு முதுகாக ஒட்டி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரும்புத் தகட்டின் இரு முனைகளிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளில் ஒன்று, புதியதில் சற்றே அகலமாக இருந்தது. அரை நூல்கூட இருக்காது. பட்டறைப் பையன், "லேசா ராவிட்டா உக்காந்துடும் சார்" என்று அரத்தை எடுத்துவிட்டான். பாய் அவனைப் பார்த்து, "பிரேக்குல ராவுற வேலையே வேணாம்பா" என்று சொல்லிவிட்டுப் பேடுகளைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

அவர் சொன்னது வெறும் பிடிவாதம் அல்ல. அந்தக் காது தாங்கியில் இறுக்கமாகவும் இருக்கக்கூடாது, ஆட்டம் கொடுக்கவும் கூடாது. மிதிக்கும்போது முன்னே வழுக்கிப் போய், விட்டதும் சற்றே பின்வாங்க வேண்டும். கையால் ராவிய காது ஓரிடத்தில் சிக்கிக்கொண்டால், பெடலை விட்ட பிறகும் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். அந்தச் சக்கரம் மட்டும் கொதிக்கும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பிறகுதான் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பதிவு செய்தது 2014 ஜனவரி. தயாரிப்பு மாதமோ 2013 நவம்பர். ஆண்டுக் கடைசியில் தள்ளுபடி தருகிறார்களே என்று வாங்கிய வண்டி அது. நான் இத்தனை காலமும் பதிவு ஆண்டையே மாடல் ஆண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கார் நிறுவனங்கள் பாகங்களை மாற்றுவதற்கு ஜனவரி முதல் தேதிக்காகக் காத்திருப்பதில்லை. ஆண்டின் நடுவிலும் மாற்றும். ஒரே மாடலுக்கு இரண்டு நிறுவனங்களிடமிருந்து காலிப்பர் வாங்குவதும் உண்டு. பெட்ரோலுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று என்று டிஸ்க்கின் அளவே மாறுவதும் உண்டு. அதனால் ஒரே பெயர் கொண்ட காருக்குக் கடை அலமாரியில் மூன்று வகைப் பேடுகள் இருந்தால் அதில் வியப்பில்லை. பெயரை மட்டும் கேட்டுக்கொண்ட கடைக்காரர் அதிகம் விற்பதை எடுத்துத் தருகிறார், அவ்வளவுதான்.

ஆகவே கேட்க வேண்டியது சேசிஸ் எண்ணை வைத்துத்தான். 17 இலக்கங்கள் கொண்ட அந்த எண் ஆர்.சி.யிலும் வண்டியின் உடலிலும் பொறிக்கப்பட்டிருக்கும். மாருதி என்றால் எம்ஏ3 என்றும், ஹூண்டாய் என்றால் எம்ஏஎல் என்றும், டாடா என்றால் எம்ஏடி என்றும் தொடங்கும். எழுதிக்கொண்டு போகும்போது ஒன்றை மனத்தில் வையுங்கள்: ஆங்கிலத்தின் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று எழுத்துகளும் சேசிஸ் எண்ணில் வருவதே இல்லை. வட்டமாக ஏதேனும் தெரிந்தால் அது பூஜ்யம், கோடாகத் தெரிந்தால் அது ஒன்று. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போவது இன்னும் நல்லது. உங்கள் கார் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பாகங்கள் விற்கும் கவுண்ட்டரில் இந்த எண்ணைக் கொடுத்தால், கணினியில் தட்டிப் பாகத்தின் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். பழைய பாக எண் நீக்கப்பட்டு, அதற்குப் பதிலாகப் புதிய எண் வந்திருந்தால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும். அந்த எண் கையில் இருந்தால், வெளிக்கடையில் வாங்கினாலும் பெட்டியின் மேல் ஒட்டியுள்ள எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் சேசிஸ் எண் சொல்வது, வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது அதில் என்ன இருந்தது என்பதைத்தான். என் சித்தப்பா மகன் குடியாத்தத்தில் வாங்கிய பழைய காரில், எண்ணை வைத்து வாங்கிய பேடும் பொருந்தவில்லை. முந்தைய உரிமையாளர் ஏதோ விபத்துக்குப் பிறகு வேறொரு வகைக் காலிப்பரை மாட்டியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் கழற்றிய பழைய பேடையும் கையோடு கொண்டுபோக வேண்டும். பழைய பேடை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். அதுவே யாரோ ராவிப் பொருத்திய தவறான பேடாக இருக்கலாம். எண்ணும் பழைய பாகமும் ஒன்றையொன்று ஒத்துப்போனால் தயங்காமல் வாங்கலாம். ஒத்துப்போகவில்லை என்றால் பணத்தைக் கொடுக்காமல் காலிப்பரைப் பாருங்கள்.

கடையில் ஒப்பிடும்போது பெட்டியில் உள்ள நான்கையும் வெளியே எடுத்துப் பாருங்கள். உள்பக்கப் பேடும் வெளிப்பக்கப் பேடும் பல கார்களில் ஒன்றாக இருப்பதில்லை. கீச்சிடும் அந்தத் தகடு சிலவற்றில் மட்டுமே இருக்கும். பின்சக்கரத்தின் டிரம் பிரேக் ஷூ என்றால், உராயும் பட்டையான லைனிங்கின் நீளம், ஸ்பிரிங் மாட்டும் துளைகள், கைப்பிரேக் நெம்புகோல் இருக்கும் பக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எந்தக் கம்பெனி என்பது அடுத்த கேள்வி. கார் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பெட்டிதான் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கார் நிறுவனங்களுக்கே பிரேக் செய்து தரும் நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரிலும் கடைகளில் விற்கின்றன. பிரேக்ஸ் இந்தியா அப்படிப்பட்ட ஒன்று. அதன் வார்ப்பாலை நம் சோளிங்கரில்தான் இருக்கிறது என்பதால் எங்கள் பக்கத்தில் அதன் பெயர் பலருக்கும் பழக்கம். நான் பார்ப்பது பேடின் விளிம்பில் அச்சிட்டிருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளை. உராய்வுத் தரத்தைக் குறிப்பவை அவை. முதல் எழுத்து சாதாரணச் சூட்டிலும், இரண்டாவது எழுத்து நன்றாகச் சூடேறிய நிலையிலும் உள்ள பிடிப்பைச் சொல்லும். ஈ என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை. இரண்டாவது எழுத்து ஈ ஆக இருக்கும் பேடை, ஏலகிரியோ ஜவ்வாது மலையோ ஏறி இறங்கும் வண்டிக்கு நான் வாங்கமாட்டேன், பாதி விலைக்குத் தந்தாலும். எந்த எழுத்தும், தொகுதி எண்ணும் இல்லாத மொட்டைப் பேடைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

டிஸ்க்கையும் அளந்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். இல்லையேல் இரண்டு நடை ஆகும். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு மில்லிமீட்டர் என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியை அப்படியே வைத்தால், பேடு தொடாமல் விளிம்பில் மிஞ்சி நிற்கும் துருப்பிடித்த மேட்டின் மேல் அதன் தாடைகள் உட்கார்ந்து, உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். பாய் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்: ஒரே மாதிரியான இரண்டு ரூபாய் நாணயங்கள் இரண்டை, தேய்ந்த பரப்பின் இரு பக்கமும் ஒட்டவைத்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடுவார். பொறித்த அளவைத் தொட்டுவிட்ட டிஸ்க்கை லேத்துக்கு அனுப்பிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும், அதையும் ஜோடியாகவே.

பிரேக் ஆயிலுக்கு, வண்டியில் அது இருக்கும் தொட்டியின் மூடியைப் பார்த்தாலே போதும், டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கிவிடலாம். மலையிறக்கத்தில் ஆயில் கொதித்துக் குமிழி கட்டினால் பெடல் தரைவரை போகும். ஆகவே பட்டறை அலமாரியில் பாதி தீர்ந்து நிற்கும் குப்பி வேண்டாம்; சீல் உடைக்காத சிறிய குப்பியாக வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு கலக்கக்கூடாது. காலிப்பரின் வழுக்குப் பின்களுக்கு அதற்கென உள்ள சிலிக்கோன் கிரீஸையே கேளுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

பணம் கொடுப்பதற்கு முன், பொருந்தாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டுவிட்டு, பில்லில் பாக எண்ணை எழுதி வாங்குங்கள். என் முதல் பேடுகளை அன்று மாலையே கடைக்காரரிடம் கொண்டுபோனேன். காதுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, அரம் பட்ட தடம் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் சரியான பேடுகளை எடுத்துக் கொடுத்தார். விலை வித்தியாசமாக 140 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டார்.