மூடியைப் போட்டதும் இறங்கிவிடும் செராமிக் ஃபில்டர்

கேள்வி: விமானங்கள் தங்கள் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏடிஎஸ்-பி சிக்னலுக்காக, மூன்று செராமிக் கோஆக்சியல் ரெசனேட்டர்களை (நடுவில் துளையுள்ள, குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிரும் கட்டைகள்) வைத்து 1090 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டர் ஒன்று செய்தேன். திறந்து வைத்து ட்யூன் செய்தபோது நன்றாக இருந்தது. தகரக் கவசத்தின் மூடியைப் போட்டதும் நடு அதிர்வெண் 1079க்கு இறங்கி, எந்த அதிர்வெண் எவ்வளவு கடக்கிறது என்று காட்டும் வளைவின் வடிவமும் கெட்டுவிட்டது. 11 மெகாஹெர்ட்ஸ் கூட்டி ட்யூன் செய்தால் சரியாகிவிடுமா?

பதில்: நடு அதிர்வெண் சரியாகலாம், வடிவம் சரியாகாது.

இந்த வகை ரெசனேட்டர் கால் அலைநீளம் கொண்டது. ஒரு முனை வெள்ளிப் பூச்சால் மூடப்பட்டிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். மின்புலம் வலுவாக இருப்பது திறந்த முனையில்தான். அங்கே கொஞ்சம் வெளியேயும் கசியும். அதன் அருகே மூடியின் உலோகம் வந்தால் மின்தேக்குத்திறன் கூடி அதிர்வெண் இறங்கும். ஆனால் மூன்றும் ஒரே அளவுக்கு இறங்காது. நடுவில் உள்ளதற்கு இரண்டு பக்கமும் அண்டை ரெசனேட்டர், ஓரத்தில் உள்ளவற்றுக்கு ஒரு பக்கம் கவசச் சுவர். அவற்றுக்கு இடையிலான பிணைப்பும் சற்று மாறும். அதனால்தான் வடிவம் கெடுகிறது.

ஆகவே கடைசி ட்யூனிங்கை மூடியோடுதான் செய்ய வேண்டும். அதற்கு முன் ஒரு சோதனை: மூடியை விரலால் அழுத்திப் பாருங்கள். விஎன்ஏ (ஃபில்டரின் வளைவை அளந்து காட்டும் கருவி) திரையில் வளைவு அசைந்தால் மூடி கவசத்தோடு சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் ட்யூன் செய்வது வீண் வேலை.

அப்புறம், ஒவ்வொரு திறந்த முனைக்கும் நேரே கவசத்தில் துளையிட்டு, நட்டு வைத்த சிறிய பித்தளைத் திருகு ஒன்றைப் பொருத்துங்கள். திருகு உள்ளே போகப் போக அதிர்வெண் இறங்கும், வெளியே எடுத்தால் ஏறும். ஏற்றுவதற்கு இன்னொரு வழி, திறந்த முனையை வைர அரத்தால் தேய்ப்பது. ஆனால் தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. மின்கடத்தா மாறிலி 36 உள்ள செராமிக் என்றால் 1090க்கு நீளம் சுமார் 11.5 மி.மீ.; அதில் 0.1 மி.மீ. போனாலே 9, 10 மெகாஹெர்ட்ஸ் ஏறிவிடும். அதனால் மூடியைப் போட்ட நிலையில் மூன்றும் வேண்டியதைவிடச் சற்று மேலே நிற்கும் அளவுக்கு மட்டும் தேய்த்துவிட்டு, மிச்சத்தைத் திருகால் இறக்குங்கள். அதிகம் தேய்த்துவிட்டால், மூடிய முனையின் வெள்ளிப் பூச்சை ரெசனேட்டரின் நடுத் துளையைச் சுற்றிக் கொஞ்சம் சுரண்டி அதிர்வெண்ணைக் கீழே கொண்டுவரலாம். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் பார்க்க வேண்டியது எஸ்11, அதாவது ஃபில்டரில் பட்டுத் திரும்பி வரும் சிக்னலின் அளவு. ஃபில்டரைக் கடந்து போகும் அளவைக் காட்டும் எஸ்21-இன் மேல்பகுதி தட்டையாகத் தெரிந்தாலே பலர் நிறுத்திவிடுகிறார்கள். சின்னப் பிழைகள் அதில் தெரியாது. எஸ்11-இல் மூன்று ரெசனேட்டருக்கு மூன்று பள்ளங்கள் வர வேண்டும். ஒரு திருகைக் கால் சுற்று உள்ளே விட்டதும் பள்ளங்கள் ஆழமானால் அந்த ரெசனேட்டர் மேலே இருந்திருக்கிறது. ஆழம் குறைந்தால் கீழே இருக்கிறது. நடுத் திருகிலிருந்து தொடங்கி, ஓரங்களுக்குப் போய், மறுபடி நடுவுக்கு வாருங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றவை கொஞ்சம் நகரும், இரண்டு மூன்று சுற்று ஆகும். பற்றவைத்த சூட்டோடு அளக்காதீர்கள், முழுக்க ஆறட்டும்.

திறந்த முனைக்கும் மூடிக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருந்தால் உயரமான கவசத்துக்கு மாறிவிடுங்கள். 11 மெகாஹெர்ட்ஸ் இறக்கும் மூடி லேசாக நசுங்கினாலும் ட்யூனிங் நகர்ந்துவிடும்.

வட்டு வடிவ செராமிக் ரெசனேட்டர் வைத்த ஃபில்டர்களுக்கு இந்தக் கணக்கைக் கொண்டுபோகாதீர்கள். அவற்றில் வழக்கமாகப் பயன்படும் அதிர்வு முறையில் வட்டுக்கு மேலே காந்தப்புலம்தான் ஓங்கி நிற்கும். உலோகம் நெருங்கினால் அதிர்வெண் ஏறும்.