நடுராத்திரியில் குதிரைக்கு முடியவில்லை என்றால்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

குதிரைக்கு உடம்பு சரியில்லை, ராத்திரியில் என்ன மருந்து கொடுக்கலாம்?

வயது, நாடி, காய்ச்சல், கடைசியாக லத்தி போட்ட நேரம், எதுவுமே எழுதவில்லை. இதற்கு நான் என்ன பதில் சொல்ல? நாடியை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். தாடை எலும்பின் உள்விளிம்பில் ஒரு கயிறு போல உருளும் ரத்தக்குழாய், அதில் விரல் வைத்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். சும்மா நிற்கும் குதிரைக்கு 30, 40 இருக்கும். 60 தாண்டினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

சாப்பிடும்போது இருமி, மூக்கு வழியாகத் தீவனமும் எச்சிலும் வருகிறது. எண்ணெய் ஊற்றலாமா?

கூடவே கூடாது. அது நுரையீரலுக்குப் போகும். தீவனம், தண்ணீர் இரண்டையும் எடுத்துவிட்டுத் தலை தாழ்ந்திருக்கும்படி பார்த்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

வயிற்றுவலிக்கு வீட்டிலிருந்த ஊசியைப் போட்டோம், இப்போது அமைதியாக நிற்கிறது. டாக்டரை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

இதை எத்தனை தடவைதான் எழுதுவது! ஊசி வலியை மறைக்கும், முறுக்கிக்கொண்ட குடலை அவிழ்க்காது. ஒரு ராத்திரி 2 மணிக்கு ஒரு லாயத்துக்குப் போனேன், மதியமே வலியில் காலால் தரையைப் பறிக்க ஆரம்பித்த குதிரை, ஊசி போட்டதும் சரியாகிவிட்டது என்று நினைத்து வீட்டுக்காரர்கள் படுத்துவிட்டார்கள். நான் போனபோதும் அது புரளவில்லை, தலையைத் தொங்கப்போட்டு நின்றது; ஆனால் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு கருஞ்சிவப்பு, நாடி 90க்கு மேல். அறுவை சிகிச்சைக்கான நேரம் அந்த அமைதியிலேயே போய்விட்டது. குதிரைக்கு வலி குறைக்கப் போடும் ஃப்ளூனிக்ஸின் ஊசி கெட்ட மருந்து என்று சொல்லவில்லை, நானும் அதைத்தான் போடுவேன், பரிசோதித்த பிறகு. அதைத் தசையில் குத்துகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் உயிருக்கே ஆபத்தான கிருமித்தொற்று வரலாம். முதலில் போன், அப்புறம்தான் ஊசி, அதுவும் டாக்டர் சொன்னால். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. டாக்டர் வரட்டும்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீர் வடிகிறது. பழைய சொட்டு மருந்து இருக்கிறது.

தொடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால் கண்ணே போகும். இன்று ராத்திரியே காட்டுங்கள்.

குளம்பின் அடியில் ஆணி ஏறியிருக்கிறது, பிடுங்கலாமா?

முடிந்தவரை அப்படியே விடுங்கள், எக்ஸ்ரே எடுத்தால்தான் எது வரை போயிருக்கிறது என்று தெரியும். காலை ஊன்றும்போது இன்னும் உள்ளே போகும் என்றால் இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு பிடுங்குங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் தேடி வையுங்கள்.

குட்டி போடும் ராத்திரி எதற்குப் பயப்பட வேண்டும்?

குட்டி 1 மணி நேரத்தில் எழுந்து நிற்கணும், 2 மணி நேரத்தில் பால் குடிக்கணும், 3 மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழணும். தாண்டினால் போன் செய்யுங்கள். ஒன்றுக்கு மட்டும் போனுக்குக்கூடக் காத்திருக்க முடியாது: வெளிறிய வழவழப்பான பைக்குப் பதிலாகச் சிவப்பாக, வெல்வெட் போல ஒன்று முதலில் எட்டிப்பார்த்தால், குட்டிக்கு மூச்சு கிடைக்கவில்லை என்று அர்த்தம். உடனே கிழித்துக் குட்டியை இழுங்கள், பக்கத்தில் இருப்பவர் டாக்டரைக் கூப்பிடட்டும்.