உத்தராகண்ட் குளிர்காலப் பறவைப் பயணம்: கேள்வி பதில்

ஆசன் நீர்நிலை, கோசி ஆற்றுப் பள்ளத்தாக்கு, சாத்தால், பங்கோட் – இந்த நான்கையும் சேர்த்து வழிகாட்டியோடு போகும் பயணம் பற்றித் தமிழ்நாட்டிலிருந்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

மதுரையிலிருந்து: சார், எந்த மாதம் போவது நல்லது? அக்டோபர் விடுப்பு எளிதாகக் கிடைக்கும்.

வாத்துகளைப் பார்க்க வேண்டுமென்றால் அக்டோபர் வேண்டாம். அவை வந்து இறங்கும் நேரம்தான் அது. ஆனால் ஆண் வாத்துகள் இனப்பெருக்க காலம் முடிந்து இறகு உதிர்த்து, பெண்ணைப் போன்ற மங்கல் நிறத்தில் வந்து சேரும். நவம்பர் கடைசிக்குள் பெரும்பாலானவை முழு நிறத்துக்குத் திரும்பிவிடும். மலைப் பறவைகளுக்கும் இதே கணக்குதான். மேலே பனி விழுந்து இரை மூடிக்கொண்ட பிறகே அவை கீழே இறங்கும். மேல் மலைகளில் நல்ல பனிப்பொழிவு நடந்த இரண்டு மூன்று நாள் கழித்து சாத்தால் காடு நிறைந்துவிடுவது வழக்கம்.

என் தேர்வு நவம்பர் கடைசி வாரம் முதல் டிசம்பர் 15 வரை, அல்லது பிப்ரவரி முதல் பாதி. நடுவில் உள்ள ஆறு வாரம் பறவைக்கு நல்லது, பயணத்துக்குக் கெட்டது. அடிவாரச் சமவெளியில் மூடுபனி காலை பத்து பதினொன்று வரைக்கும் விலகாத நாட்கள் உண்டு. டெல்லி விமானங்களும் ரயில்களும் மணிக்கணக்கில் தாமதமாகும். அந்த வாரங்களில்தான் போக முடியும் என்றால், திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு டெல்லியில் தங்குவது போல் டிக்கெட் போடுங்கள்.

திருச்சியிலிருந்து: மொத்தம் எட்டு நாள் இருக்கிறது. ஒரு நிறுவனம் ஒன்பது இடம் காட்டுவதாகச் சொல்கிறது. சரிவருமா?

வராது. மலைப்பாதையில் 60 கிலோமீட்டர் என்பது இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஒன்பது இடம் என்றால் பறவைகள் இரை தேடும் காலை நேரம் முழுவதும் வண்டிக்குள் போய்விடும்.

எட்டு நாளுக்கு நான்கு இடம் போதும். டேராடூனில் இறங்கி, அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள ஆசனில் இரண்டு காலை. பிறகு ஒரு பகல் பயணம். வழியில் ஹரித்வார் பீம்கோடா தடுப்பணையில் ஒரு மணி நேரம் நின்றால் கங்கையின் மணல்திட்டுகளைப் பார்த்துக்கொள்ளலாம். ராம்நகர் பக்கம் கோசி ஆற்றோரம் இரண்டு இரவு, சாத்தாலில் இரண்டு, பங்கோட்டில் ஒன்று அல்லது இரண்டு. காட்கோதாம் ரயில் நிலையத்தில் முடித்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்திலிருந்து 2,000 மீட்டர் வரை ஏறுகிறீர்கள். ஒவ்வொரு படியிலும் பறவைக் கூட்டம் மாறும் என்பதுதான் இந்த வழியின் பலம். ஒரே உயரத்தில் இன்னும் இரண்டு ஊர் சேர்ப்பதால் பட்டியல் பெரிதாக வளராது.

சென்னையிலிருந்து: பள்ளிக்கரணையில் பழகிய கண்தான். ஆனால் பெண் வாத்துகள் எல்லாம் ஒன்றுபோல் பழுப்பாக இருக்கின்றன. ஆசனில் எப்படிப் பிரிப்பது?

நிறத்தை விட்டுவிட்டு முதலில் நடத்தையைப் பாருங்கள். தலையை மட்டும் நீரில் கவிழ்த்து வாலைத் தூக்குவது மேய்ச்சல் வாத்து. பறக்கும்போது நீரிலிருந்து நேராக எழும்பும். முழுதாக மூழ்கி வேறு இடத்தில் எழுவது முக்குளி வாத்து. நீர்மேல் சற்று தூரம் ஓடித்தான் பறக்கும். இதிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பிறகு அலகும் தலை வடிவமும். ஊசிவால் வாத்தின் பெட்டைக்கு நீண்ட மெல்லிய கழுத்து, சாம்பல் அலகு, கோடு எதுவும் இல்லாத வெறும் முகம். நாமத்தலை வாத்தின் பெட்டைக்கு உருண்டைத் தலை, நுனி கறுத்த சிறிய நீலச்சாம்பல் அலகு. தட்டைவாயனுக்கு அலகே போதும். கேட்வாலின் பெட்டைக்கு அலகின் இரு ஓரமும் ஆரஞ்சு, சிறகில் சிறிய வெள்ளைக் கட்டம். அந்தக் கட்டம் உட்கார்ந்திருக்கும்போது மறைந்துவிடலாம், சிறகை உதறும் வரை காத்திருங்கள். கிளுவை உருவத்திலேயே சிறியது.

முக்குளிகளில் ரெட்-க்ரெஸ்டட் போச்சார்டின் பெட்டை எளிது: உச்சந்தலை அடர்பழுப்பு, கன்னம் வெளிறியது, இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தது போன்ற பிரிவு. சிக்கல் ஃபெருஜினஸ் டக்கில்தான். வாலடி வெள்ளையைப் பார்த்ததும் பலர் அந்தப் பெயரை எழுதிவிடுகிறார்கள். டஃப்டட் டக்கின் பெட்டைகள் சிலவற்றுக்கும் வாலடி வெளுத்திருக்கும். பின்னந்தலையில் சிறு குடுமி தெரிந்தாலோ, கண் மஞ்சளாக இருந்தாலோ அது டஃப்டட். ஃபெருஜினஸ் ஆணுக்குக் கண் வெள்ளை, பெட்டைக்குப் பழுப்பு.

ஆசனில் கண்ணை முதலில் இழுப்பது செம்மஞ்சள் நிற ரடி ஷெல்டக். அந்தப் பக்கத்தில் ‘சுர்காப்’ என்பார்கள். மணல்திட்டில் கூட்டமாக ஓய்வெடுக்கும் அவற்றின் ஓரங்களைத்தான் மெதுவாக அலச வேண்டும்; அபூர்வமான ஒன்று நின்றால் அங்கேதான் நிற்கும். கூந்தன்குளத்தில் பார்த்த வரித்தலை வாத்துகளையும் இந்தத் திட்டுகளில் தேடிப் பாருங்கள்.

அதே கேள்வியாளர்: ஆசனில் எந்த நேரம்? காலையா மாலையா?

இரண்டும் தேவை. அது 1967-இல் கட்டிய தடுப்பணையால் உருவான நீர்நிலை. 2020-இல் உத்தராகண்டின் முதல் ராம்சார் தலமானது, அதாவது பன்னாட்டு ஒப்பந்தத்தின் கீழ் பட்டியலிட்ட ஈரநிலம். மின்நிலையங்களுக்கான நீரோட்டத்தைப் பொறுத்து நீர்மட்டம் மாறும். மட்டம் இறங்கினால் சேற்றுத்திட்டு வெளியே வந்து உள்ளான்கள் இறங்கும். ஏறினால் அதே இடம் வெறும் நீர்ப்பரப்பு. ஒரே வருகையில் ‘உள்ளானே இல்லை’ என்று முடிவு கட்ட வேண்டாம். வெயில் எப்போதும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி கரையை மாற்றிக்கொள்ளுங்கள். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான்.

கோயம்புத்தூரிலிருந்து: இந்தப் பயணத்தில் எனக்கு வால்க்ரீப்பர் ஒன்றுதான் குறி. எப்படித் தேடுவது?

சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய, பாறையின் சாம்பல் நிறத்திலேயே உள்ள பறவை. குளிர்காலத்தில் தொண்டையும் கறுப்பாக இருக்காது, வெளுத்திருக்கும். சிறகில் உள்ள செந்நிறம் அது சிறகை விரிக்கும் நொடியில் மட்டும் தெரியும். நல்ல வேளையாக, பாறையில் ஏறும்போது சில நொடிக்கு ஒருமுறை சிறகைப் படக்கென்று அசைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே உருவத்தைத் தேடாதீர்கள், அசைவைத் தேடுங்கள்.

ராம்நகரிலிருந்து ராணிகேத் போகும் சாலை கோசியை ஒட்டியே போகிறது. கர்ஜியா கோயிலுக்கு முன்னும் பின்னும் ஆற்றை ஒட்டிச் செங்குத்தான கரைகளும் பாறைகளும் உண்டு. (பீகாரில் வெள்ளம் கொண்டுவரும் கோசி வேறு; இது ராமகங்கையில் சேரும் ஆறு.) சூரியன் பள்ளத்தாக்குக்குள் இறங்க ஒன்பது மணிக்கு மேல் ஆகலாம். பாறை வெயில் பட்டுச் சூடானால்தான் அதன் இடுக்கிலுள்ள பூச்சியும் சிலந்தியும் நகரும். பறவையும் அப்போதுதான் அங்கே வரும். விடியற்காலையில் நிழல் பாறையைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

முறை இது: ஒரு பாறை முகத்தை எடுத்துக்கொண்டு கீழிருந்து மேலாகப் பட்டை பட்டையாக அலசுங்கள். முதலில் வெறுங்கண், பிறகு பைனாகுலர். நீர் கசியும் இடம், வெடிப்பு, ஆற்றுக்குள் கிடக்கும் பெரிய உருண்டைப் பாறை, பாலத்தின் கல் தூண் எதையும் விடாதீர்கள். இல்லையென்றால் அங்கேயே முக்கால் மணி நேரம் இருங்கள். குளிர்காலத்தில் ஒவ்வொன்றும் தனியாக ஒரு நீளத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே சுற்றிவரும். பார்க்காமல் திரும்புகிறவர்களில் பலர் பத்து நிமிடத்துக்கு ஒரு பாறை என்று ஓடுகிறவர்கள்.

அதே ஆற்றில் ஐபிஸ்பில் கிடைக்கும் என்கிறார்களே? – ஈரோடு

கிடைக்கும். கூழாங்கல் பரப்பில் கூழாங்கல் நிறத்திலேயே நிற்கும். கீழ்நோக்கி வளைந்த சிவப்பு அலகும் மார்பில் ஓடும் கறுப்புப் பட்டையும்தான் காட்டிக்கொடுக்கும். ஆற்றுப்படுகைக்குள் இறங்கித் தேடினால் அது எழுந்து அடுத்த வளைவுக்குப் போய்விடும். கரையின் உயரமான இடத்தில் ஸ்கோப்பை (காலூன்றி மேல் நிறுத்தும் தொலைநோக்கி) நிறுத்தி, நீர் பிரிந்து ஓடும் கல்திட்டுகளின் விளிம்பை மட்டும் பாருங்கள். குளிக்கவும் துவைக்கவும் ஆட்கள் வருவதற்கு முன், விடிந்த முதல் ஒன்றரை மணி நேரம் இதற்கு. பிறகு வெயில் ஏறியதும் வால்க்ரீப்பர்.

நடுவே உள்ள நேரத்தில் நீரின் நடுக்கற்களைப் பாருங்கள்: செம்பழுப்பு வாலை விரித்து மூடும் ப்ளம்பியஸ் ரெட்ஸ்டார்ட், வெண்தொப்பி ரெட்ஸ்டார்ட், ஓடும் நீருக்குள்ளேயே முங்கி இரையெடுக்கும் ப்ரௌன் டிப்பர். ஆற்றின் இரைச்சலில் குரல் கேட்காது, கண்ணை மட்டும் நம்ப வேண்டும். பெரிய கொண்டை மீன்கொத்தியை நம்மூர் கறுப்புவெள்ளை மீன்கொத்தி என்று எழுதிவிடாதீர்கள். நம்மூர்க்காரர் அந்தரத்தில் நின்று சிறகடித்துப் பாய்வார். கொண்டையர் பெரும்பாலும் கிளையிலோ பாறையிலோ உட்கார்ந்தே காத்திருப்பார்.

சேலத்திலிருந்து: பைனாகுலர் 8x42 வாங்கவா, 10x42 வாங்கவா?

ஒன்றே ஒன்று என்றால் 8x42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம் மி.மீ.-இல். கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மி.மீ.; 10-ஆல் வகுத்தால் 4.2. நிழலான பள்ளத்தாக்கிலும் சாத்தாலின் அடர்காட்டிலும் இந்த வித்தியாசம் தெரியும். தூரத்து வாத்துக்கு 10 கூடப் போதாது, ஸ்கோப்தான் வேண்டும். அது வழிகாட்டியிடம் இருந்தால் உங்களுக்குத் தேவையில்லை.

குளிரில் வரும் தொல்லைகள் வேறு. கண்பக்க லென்ஸ் உங்கள் முகத்தின் ஈரத்தால் மங்கும். கண்கிண்ணத்தை முகத்தில் அழுத்தாமல் ஒரு இழை விட்டுப் பிடியுங்கள். வெளியே குளிர்ந்த கருவியைச் சூடான அறைக்குள் அப்படியே கொண்டுபோனால் முழுக்க வியர்த்துவிடும். பையில் வைத்து ஜிப்பை மூடி ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கவும். கேமரா பேட்டரி பாதியிலேயே உயிரை விடும்; மாற்று பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். ஹீட்டர் ஓடும் காரின் ஜன்னலிலிருந்து எடுத்த படங்கள் மொத்தமும் மழுங்கியிருந்தால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். உள்ளே இருக்கும் சூடான காற்று வெளிக்குளிரோடு கலந்து அலைவதுதான் காரணம். ஹீட்டரை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, சில நிமிடம் பொறுத்து எடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: அம்மாவுக்கு 63 வயது, முழங்கால் வலி உண்டு. குளிரும் பழக்கமில்லை. கூட்டிப் போகலாமா அண்ணா?

தாராளமாகக் கூட்டி வாருங்கள். ஆசனில் கரையோரமாக நடப்பதே பெரும்பகுதி. கோசியில் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். ஆற்றுப்படுகைக்குள் மட்டும் அம்மாவை இறக்க வேண்டாம், உருளும் கல்லில் முழங்கால் படாத பாடு படும். உட்கார மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பங்கோட்டில் 2,000 மீட்டர்தான், மூச்சுத்திணறும் உயரமல்ல. கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றுவதற்கு மருத்துவரிடம் மாத்திரை கேட்டு வாங்கி, ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன் கொடுங்கள், முன்னிருக்கை அம்மாவுக்கு.

உடை: ஒரு தடித்த ஜாக்கெட்டை நம்பாதீர்கள். உடலை ஒட்டிய தெர்மல், மேலே ஃப்ளீஸ், அதன்மேல் காற்றுத் தடுப்பு. அடியில் பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நடுங்க வைக்கும். ஒரு நல்ல செய்தி: குளிர்காலத்தில் அட்டைத் தொல்லை கிடையாது.

தஞ்சாவூரிலிருந்து: வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

வண்டிக்கு எத்தனை பேர், எல்லாருக்கும் ஜன்னல் இருக்கை உண்டா? நான்கு பேருக்கு மேல் என்றால் யோசியுங்கள். ஸ்கோப் எத்தனை? முன்பதிவில் பேசியவரே கூட வருவாரா, வேறு ஆளா? ராம்நகரை ஒட்டிய கார்பெட் புலிகள் காப்பகத்துக்குள் போவதாக இருந்தால் அனுமதி யார் எடுப்பது, ஜீப் கட்டணம் சேர்ந்ததா? உள்ளே இறங்கி நடக்க முடியாது என்பதால் பறவைக்காக மட்டும் போகிறவர்களுக்கு கார்பெட் சஃபாரி ஒன்று போதும். அதன் திகாலா பகுதி நவம்பர் 15-இல்தான் திறக்கும்.

எல்லாவற்றையும்விட, பதிவு செய்த குரலை ஓட்டிப் பறவையை வரவழைப்பாரா என்று கேளுங்கள். ‘எத்தனை முறை வேண்டுமானாலும்’ என்று பெருமையாகச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். குளிரில் இரை தேட வேண்டிய பகல் ஏற்கெனவே குறுகியது. இல்லாத எதிரியைத் தேடி ஓடவிட்டால் அந்த நேரம் வீண். அதோடு, ஒரே இடத்தில் தினமும் ஓட்டினால் பறவை அந்தக் குரலுக்கு வருவதையே நிறுத்திவிடும்.

புதுச்சேரியிலிருந்து: சாத்தாலில் மறைவிடத்தில் உட்கார்ந்து படமெடுப்பது சரியா? தீனி போட்டுத்தானே வரவைக்கிறார்கள்?

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. தண்ணீர்த் தொட்டி மட்டும் வைத்த இடத்தை நான் தேர்ந்தெடுப்பேன். லாஃபிங்த்ரஷ், லியோத்ரிக்ஸ், ரூஃபஸ்-பெல்லிட் நில்டாவா எல்லாம் குடிக்கவும் குளிக்கவும் அங்கே வரும். புழுவைக் குத்தி வைத்துக் காட்டும் இடம் வேண்டாம். மறைவிடம் நடுப்பகலுக்குத்தான், காலை ஏழிலிருந்து பத்து வரை ஓடையோரம் நடந்தால் ஸ்பாட்டட் ஃபோர்க்டெயிலை அதன் சொந்த இடத்திலேயே பார்க்கலாம்.

வேலூரிலிருந்து: ஆற்றில் ஆபத்து ஏதாவது?

இரண்டு. மேலே அணை உள்ள ஆறுகளில் மழையே இல்லாமல் நீர் சட்டென்று உயரும். கங்கையில் சைரன் கேட்டால் பொருளை விட்டுவிட்டு உடனே கரையேறுங்கள். நடுத்திட்டுக்குப் போய் கேமரா முக்காலி ஊன்றவே வேண்டாம். இரண்டாவது, கோசியின் மறுகரை புலியும் யானையும் நடமாடும் காடு. அந்தி சாய்ந்த பிறகு மீன் ஆந்தைக்காக ஆற்றோரம் தனியாக நடக்காதீர்கள்; வழிகாட்டியோடு, வண்டியருகிலேயே நில்லுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: ஆயிரக்கணக்கில் வாத்து இருந்தால் பட்டியலில் எண்ணிக்கை எப்படி எழுதுவது?

பத்தை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் பதியுங்கள். அதே அளவில் ஐம்பது வரை வளர்த்து, அந்த ஐம்பதைத் திட்டின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டே போங்கள். கூட்டம் நடுவில் அடர்த்தி, ஓரத்தில் கலைவு என்பதால் அளவுக் கட்டத்தை நடுவிலும் ஓரத்திலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். இன வாரியாக எண்ண முடியாத மிச்சத்தை ‘வாத்து, இனம் தெரியவில்லை’ என்று போடுங்கள். எல்லாவற்றையும் ஊசிவால் கணக்கில் சேர்ப்பதைவிட அது பயனுள்ள பதிவு.

ஆசனில் பல்லாஸ் மீன்கழுகு கண்ணில் பட்டால் அதன் கூட்டின் இடத்தைப் பொதுவில் எழுத வேண்டாம். அழியும் நிலையிலுள்ள அந்தக் கழுகு குளிர்காலத்தில்தான் அடைகாக்கும். தேதியும் நீர்நிலையின் பெயரும் போதும்.