பெட் ஸ்கேனுக்குப் புது ட்ரேசர்: கேளுங்கள், சொல்கிறேன்

சார், எஃப்.டி.ஜி. ஊசிதான் இருக்கிறதே, புதிது எதற்கு?

ட்ரேசர் என்பது ஊசியில் உள்ளே போய், எங்கே சேர்கிறதோ அந்த இடத்தை பெட் ஸ்கேனில் ஒளிரவைக்கும் கதிரியக்கப் பொருள். எஃப்.டி.ஜி. அதில் ஒரு வகை, ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணு ஒட்டிய சர்க்கரை. சர்க்கரையை அதிகம் இழுக்கிற இடமெல்லாம் ஒளிரும். மூளை ஒளிரும், காசநோய் பிடித்த நெறிக்கட்டியும் ஒளிரும். புராஸ்டேட் புற்றுநோயோ பெரும்பாலும் சர்க்கரையைச் சீண்டுவதில்லை, நழுவிவிடும். அதற்காகத்தான் அந்தச் செல்களின் மேல் நிறைய இருக்கும் பி.எஸ்.எம்.ஏ. புரதத்தில் போய் ஒட்டும் கேலியம்-68 ட்ரேசரை ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் உருவாக்கினார்கள்.

பக்கவிளைவு வருமா?

உள்ளே போவது மைக்ரோகிராம் கணக்கு, மருந்தாக வேலை செய்யாத அளவு. கதிர்வீச்சைத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். எந்த உறுப்பில் எவ்வளவு தங்குகிறது என்று முதல் கட்டச் சோதனையிலேயே அளந்துவிடுவார்கள்.

ஒளிர்ந்த இடம் புற்றுநோய்தான் என்று எப்படி நிரூபிக்கிறார்கள்?

சோதனையின் உயிர்நாடியே இதுதான். பயாப்சி செய்தால் தெரிந்துவிடும். ஆனால் இடுப்பெலும்பில் ஒன்று, விலாவில் இரண்டு என்று ஒளிர்ந்தால் எல்லாவற்றிலும் ஊசி குத்த முடியுமா? அதனால் சிகிச்சைக்குப் பின் பி.எஸ்.ஏ. (ரத்தத்தில் அளக்கும் புராஸ்டேட் புரதம்) இறங்குகிறதா, அடுத்த ஸ்கேனில் அந்தப் புள்ளி வளர்கிறதா என்பதையும் சேர்த்தே தீர்ப்புச் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் ப்ரோ-பி.எஸ்.எம்.ஏ. ஆய்வில் ஆபத்து அதிகமுள்ள புராஸ்டேட் புற்றுநோய் கொண்ட 302 ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் புது ஸ்கேன், மறு பிரிவுக்கு வழக்கமான சி.டி.யும் எலும்பு ஸ்கேனும். துல்லியம் 92 சதவீதம், எதிரே 65. கதிர்வீச்சும் பாதிக்கும் குறைவு. 2020இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ட்ரேசர் ஆய்வில் குலுக்கல் முறைப் பிரிவினை அபூர்வம், அதனால்தான் எனக்கு இதன்மேல் தனி மரியாதை.

அனுமதி வாங்கியது எந்தக் கம்பெனி?

கம்பெனியே இல்லை! 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முதலில் அனுமதித்தது கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ், சான் ஃபிரான்சிஸ்கோ வளாகங்களுக்கு. கேலியம்-68இன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 68 நிமிடம்தான், தொலைவுக்கு அனுப்புவது கஷ்டம். ஃபுளோரின்-18க்கு 110 நிமிடம். அது ஒட்டிய பி.எஸ்.எம்.ஏ. ட்ரேசர் 2021இல் வந்தது.

எஃப்.ஏ.பி.ஐ. என்ற இன்னொரு ட்ரேசர் எல்லாப் புற்றுநோயையும் காட்டுமாமே? அறுவைசிகிச்சை முடிந்த அப்பாவுக்கு பி.எஸ்.ஏ. ஏறுகிறது, அதை எடுக்கலாமா தம்பி?

வேண்டாம் அக்கா. அது கட்டியைச் சுற்றியுள்ள நார்த்திசுச் செல்களைப் பிடிப்பது. மூட்டுவாதமும் ஆறுகிற காயமும்கூட ஒளிரும். அப்பாவுக்குப் பொருத்தமானது பி.எஸ்.எம்.ஏ.தான். பி.எஸ்.ஏ. மிகக் குறைவாக இருந்தால் அதிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். தேதி குறிக்குமுன் கடைசி இரண்டு மூன்று அளவுகளையும் டாக்டரிடம் காட்டுங்கள்.