உப்பும் சிவப்பு மருந்தும்

வணக்கம் ஐயா,
என் மகனுக்கு 5 வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது, ஏ.எல்.எல். என்கிற, பிள்ளைகளுக்கு வரும் வகை. 8 வயதில் சிகிச்சை முடிந்தது. இப்போது 15 வயது, நன்றாக இருக்கிறான். மூன்று வருடமாக ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நோய் திரும்பக்கூடாது என்று சர்க்கரையை அடியோடு நிறுத்திவிட்டேன். பழம், பச்சைக் காய்கறி தருவதில்லை. முள்சீத்தா இலைக் கஷாயம் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு தாய், தேனி

அன்புள்ள அம்மா,

கஷாயம் வேண்டாம். முள்சீத்தாவில் அனோனாசின் என்கிற நரம்பு நஞ்சு இருக்கிறது. சிகிச்சையில் உங்கள் மகனுக்கு ஏற்றிய வின்கிரிஸ்டினே நரம்பைப் பதம் பார்க்கும் மருந்துதான். சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடக்காது. ஸ்டீராய்டு வாங்கிய உடம்பு சீக்கிரம் பருக்கும் என்பதால் இனிப்பு அளவோடு இருக்கட்டும், தீபாவளிக்கு லட்டு தின்னட்டும். பச்சையாக எதுவும் கூடாது என்பது வெள்ளையணு குறைந்திருந்த நாட்களுக்குச் சொன்னது. சிகிச்சை முடிந்து ஏழு வருடம் ஆன பிள்ளைக்குக் கொய்யாப்பழம் கொடுக்காமல் வைத்திருக்கிறீர்களே! இன்றைக்கே நன்றாகக் கழுவிக் கொடுங்கள்.

என்னை உறுத்துவது ஆஸ்பத்திரிக்குப் போகாத அந்த மூன்று வருடம். கொஞ்ச நாளாகவே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். என்ன சாப்பிடலாம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். பிள்ளையின் உடம்புக்குள் எந்த மருந்து எவ்வளவு போனது என்று கேட்டால் பதில் இல்லை. அது தெரியாமல் சாப்பாட்டைப் பற்றி என்ன பேசுவது?

சிவப்பு நிறத்தில் ஓர் ஊசி ஏற்றியிருப்பார்களே, நினைவிருக்கிறதா? டாக்ஸோரூபிசின் அல்லது டவுனோரூபிசின். இந்த ரத்தப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைக் கொடுப்பார்கள். அது இதயத் தசையின் செல்களைக் கொல்லக்கூடியது. போன செல் திரும்ப முளைக்காது, மிச்சமிருப்பவைதான் ஆயுளுக்கும் வேலை செய்யவேண்டும். அதன்மேல் ரத்த அழுத்தமும் ஏறினால் இதயம் செயலிழக்கும் அபாயம் பல மடங்காகிறது. 1970 முதல் 1986 வரை நோய் கண்டறியப்பட்ட பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு இதைக் காட்டியிருக்கிறது. நீங்கள் சர்க்கரையைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறீர்கள், ரத்த அழுத்தத்தை ஏற்றும் உப்பைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

உப்பு ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், தலைதட்டிய ஒரு டீஸ்பூன். சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்த்துத்தான். ஒவ்வொரு வேளையும் அளந்துகொண்டிருக்க முடியாது. உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ 50 நாளாவது வரவேண்டும். முப்பதாம் நாளே தீர்ந்தால் எங்கே போகிறது என்று பாருங்கள். மோரில் போடுவதையும் சாதம் வடிக்கும்போது போடுவதையும் முதலில் நிறுத்தலாம். கடைப் பாக்கெட்டில் சோடியம் என்று போட்டிருப்பதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு உள்ளே போகிறது. சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லாமல் அதை வாங்காதீர்கள்.

ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்ஸேட் என்கிற புற்றுநோய் மருந்தும் எலும்பையும் அரித்திருக்கக்கூடும். இந்த வயதில் நாளுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். அரை லிட்டர் பாலும் தயிருமாக 600 வரும். 50 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 180. மீதிக்கு முருங்கைக்கீரை, முள்ளோடு நெத்திலி. வெயிலில் விளையாட விடுங்கள்.

இனி, எந்த மருந்து எவ்வளவு போனது என்று சொல்லும் காகிதம். சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு பிரிவுக்குப் பழைய சீட்டோடு போய்ச் சிகிச்சைச் சுருக்கம் கேளுங்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை சிகிச்சை முடிந்த பிள்ளைகளுக்கென்றே 1991இல் தனி கிளினிக் தொடங்கியது. நீங்கள் கேட்பது புதிய விஷயமொன்றும் கிடையாது. ஒவ்வொரு மருந்தின் பெயரும், உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு மொத்தம் எத்தனை மில்லிகிராம் என்பதும், தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு) என்பதும் அதில் இருக்கவேண்டும். சிவப்பு மருந்து டாக்ஸோரூபிசின் கணக்கில் 250ஐத் தொட்டிருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்கவேண்டும். 100க்கு மேல் 250க்குள் என்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. ரத்த அழுத்தத்தை வருடம் ஒருமுறையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு பிரதியை அவன் கையிலேயே கொடுங்கள். நாளைக்குக் கல்லூரி விடுதியில் மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போவான். இருபது வயதுப் பையனுக்கு இதயக் கோளாறு இருக்கும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள், அவன் அந்தக் காகிதத்தை நீட்டினாலொழிய.